விருந்தாளி மூளைகள்

எதிராளியின் சாஃப்ட்வேரைத் தன் கம்ப்யூட்டரில் ஓட்ட உதவிய கார்டுகள் ஒரு காலத்தில் சந்தையின் தலையெழுத்தையே மாற்றின. அந்தக் கார்டுகள் இன்று இல்லை. அவை நுழைந்த கதவு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் இருக்கிறது.

1980 மார்ச். சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் கண்காட்சியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி கடை விரித்தது. அது காட்டிய சரக்கு சாஃப்ட்வேர் அல்ல. சிப்புகள் பதித்த ஒரு சர்க்யூட் கார்டு. விலை 349 டாலர். ஆப்பிள் 2 கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து அதைச் செருகினால் போதும். அதுவரை ஆப்பிளாக இருந்த இயந்திரம் எதிர் முகாமின் சாஃப்ட்வேரை ஓட்ட ஆரம்பித்துவிடும். மூன்றே மாதத்தில் 5,000 கார்டுகள் விற்றன.

அந்தக் கம்பெனி மைக்ரோசாஃப்ட். விண்டோஸ் அப்போது இல்லை. எம்எஸ்-டாஸும் பிறக்கவில்லை. பின்னாளில் சாஃப்ட்வேர் விற்றே உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றான மைக்ரோசாஃப்டுக்கு 1980ல் அதிக வருமானம் ஈட்டிக் கொடுத்தது, வேறொருவர் தயாரித்த கம்ப்யூட்டருக்குள் செருகும் இந்த 'சாஃப்ட்கார்ட்'தான்.

அப்போது கம்ப்யூட்டர் உலகம் இரண்டு முகாம்களாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கம் 1977ல் வந்த ஆப்பிள் 2. அதன் மூளை 6502 என்ற சிப். மறுபக்கம் இன்டெல் 8080, அதன் வழி வந்த இஸட்-80 ஆகிய சிப்புகளை வைத்துப் பல கம்பெனிகள் செய்த கம்ப்யூட்டர்கள். இவற்றுக்குப் பொதுவாக இருந்தது கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம். அலுவலகங்கள் விரும்பிய வேர்ட்ஸ்டார் போன்ற சாஃப்ட்வேர்கள் சிபி/எம் பக்கம் இருந்தன. கணக்குப் போடும் விசிகால்க் 1979ல் முதலில் வந்ததோ ஆப்பிள் பக்கம். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும்.

ஏன் ஒன்றின் சாஃப்ட்வேர் மற்றொன்றில் ஓடாது? ஒவ்வொரு சிப்புக்கும் அதற்கே உரிய மொழி இருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த வீட்டுக்கு வங்காளியில் கடிதம் வந்தால் இரண்டு வழிகள்தான். வரிக்கு வரி மொழிபெயர்த்துப் படிப்பது ஒன்று. வங்காளி தெரிந்த ஒருவரையே வீட்டில் குடிவைத்துவிடுவது இன்னொன்று. அன்றைய கம்ப்யூட்டர்களின் வேகத்துக்கு முதல் வழி கட்டுப்படியாகாது. சாஃப்ட்கார்ட் இரண்டாவது வழியைப் பிடித்தது. அந்தக் கார்டில் இருந்தது இன்னொரு மூளை: ஒரு இஸட்-80 சிப்.

யோசனை மைக்ரோசாஃப்டை நிறுவியவர்களில் ஒருவரான பால் ஆலனுடையது. கம்பெனியின் பேசிக், ஃபோர்ட்ரான், கோபால் எல்லாம் 8080 மொழியில் எழுதப்பட்டவை. ஆப்பிள் வாடிக்கையாளர்களுக்கு விற்க அவை அனைத்தையும் 6502க்குத் திருத்தி எழுதுவது பெரிய வேலை. சாஃப்ட்வேரை மாற்றுவதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை மாற்றினால் என்ன என்று யோசித்தார் ஆலன். சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த டிம் பேட்டர்சன் மாதிரிக் கார்டைச் செய்தார். டான் பர்டிஸ் அதை விற்பனைக்கு ஏற்றபடி முடித்துக் கொடுத்தார்.

ஒரு வீட்டில் இரண்டு எஜமானர்கள் என்றால் சிக்கல் வராமல் இருக்குமா? வந்தது. மெமரியின் ஆரம்பப் பகுதியை 6502 தன் சொந்தக் காரியத்துக்கு வைத்திருந்தது. சிபி/எம்முக்கும் அதே இடம்தான் வேண்டும். கார்டு செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். இஸட்-80 பூஜ்யம் என்று எண்ணிக் கேட்கும் இடத்தை, ஆப்பிளின் 4,096வது இடத்துக்குக் கார்டே தள்ளிக் கொடுத்துவிடும். விருந்தாளிக்கு அது தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மூளைதான் வேலை செய்யும். கீபோர்டு, திரை, டிஸ்க் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டி வந்தால் மட்டும் இஸட்-80 ஒதுங்கிக்கொண்டு 6502ஐ எழுப்பிவிடும்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. ஆப்பிள் 2ன் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்துகள். சிபி/எம் சாஃப்ட்வேர்கள் எதிர்பார்த்ததோ 80. அதற்குத் தனியாக இன்னொரு கார்டு வாங்க வேண்டியிருந்தது. மற்ற கம்ப்யூட்டர்களின் சிபி/எம் ஃபிளாப்பிகளையும் ஆப்பிள் டிரைவ் படிக்காது. ஆகவே அதே சாஃப்ட்வேரை ஆப்பிள் டிரைவுக்கேற்ற ஃபிளாப்பியில் வாங்க வேண்டும். அப்படியும் ஜனங்கள் வாங்கினார்கள்.

எட்டா, இரண்டா?

இந்தக் கதை நடந்ததற்கே ஒரு பழைய தகராறுதான் காரணம். ஆப்பிள் 2ஐ வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக், கார்டு செருக அதில் எட்டு ஸ்லாட்டுகள் வைத்தார். அவருடைய கூட்டாளி ஸ்டீவ் ஜாப்ஸுக்கு இது பிடிக்கவில்லை. பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என இரண்டு போதும் என்பது அவர் கட்சி. வோஸ்னியாக் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஸ்லாட்டுகளில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செருகலாம் என்ற நிலை உருவானதால்தான் மைக்ரோசாஃப்ட் ஆப்பிளிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை.

1984ல் வந்த மெக்கின்டாஷில் ஜாப்ஸின் கொள்கை ஜெயித்தது. அதில் ஒரு ஸ்லாட்கூட இல்லை. பெட்டியைத் திறக்கவே சாதாரணமாகக் கிடைக்காத நீண்ட ஸ்க்ரூடிரைவர் வேண்டும்.

பாலம் போட்டவர் லாபம்

சாஃப்ட்கார்டால் ஆப்பிளுக்கு நஷ்டம் இல்லை. சிபி/எம் ஓட்ட வேண்டும் என்பவர்களும் ஆப்பிள் 2 வாங்கினார்கள். சிபி/எம் அதிகமாக ஓடிய கம்ப்யூட்டரே சாஃப்ட்கார்ட் செருகிய ஆப்பிள்தான் என்று சொல்லப்படும் அளவுக்குப் போயிற்று. சிபி/எம்மின் சொந்தக்காரரான கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனிக்கும் லைசென்ஸ் பணம் கிடைத்தது. ஆனால் பெரிய லாபம் பாலம் போட்டவருக்கு.

அதே 1980ல் ஐபிஎம் ரகசியமாகத் தன் பர்சனல் கம்ப்யூட்டரைத் தயாரிக்க ஆரம்பித்தது. ஐபிஎம் ஆட்கள் மைக்ரோசாஃப்டிடம் வந்து கேட்டவற்றில் சிபி/எம்மும் ஒன்று. சாஃப்ட்கார்டோடு சேர்த்து சிபி/எம் விற்றுக் கொண்டிருந்த மைக்ரோசாஃப்டிடமே அதன் உரிமையும் இருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். இல்லை என்றதும் கில்டாலிடம் போனார்கள். அங்கே பேச்சு உடன்பாட்டில் முடியவில்லை. மறுபடி மைக்ரோசாஃப்டுக்கே வந்தார்கள்.

இங்கே பேட்டர்சன் மீண்டும் வருகிறார். சிபி/எம்மின் 16 பிட் வடிவம் தாமதமானதால், தன் கம்பெனியின் 8086 கம்ப்யூட்டருக்காக அதே பாணியில் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை அவர் எழுதியிருந்தார். அதை முதலில் லைசென்ஸ் எடுத்த மைக்ரோசாஃப்ட், 1981 ஜூலையில் 50,000 டாலர் கொடுத்து முழு உரிமையையும் வாங்கிக் கொண்டது. ஆகஸ்ட் 12ம் தேதி ஐபிஎம் பிசி வெளிவந்தது. பேட்டர்சன் எழுதியதுதான் எம்எஸ்-டாஸ் ஆனது. கார்டு செய்யக் கைகோத்தவர்களின் பழக்கம், உலகத்தின் ஆபரேட்டிங் சிஸ்டத்தையே முடிவு செய்துவிட்டது.

இதில் ஒரு பாடம் இருந்தது. ஜனங்கள் வாங்குவது பெட்டியை அல்ல, அதில் ஓடும் சாஃப்ட்வேரை. பெட்டி வெறும் வாடகை வீடு. இந்தப் பாடத்தை மற்ற கம்பெனிகளும் சீக்கிரமே படித்துவிட்டன. 1983ல் குவாட்ராம் கம்பெனியின் 'குவாட்லிங்க்' கார்டு எதிர்த் திசையில் வேலை செய்தது. அதை ஐபிஎம் பிசியில் செருகினால் ஆப்பிள் 2 சாஃப்ட்வேர் ஓடும். 1985ல் டெய்னா கம்பெனியின் 'மேக்சார்லி', ஸ்லாட்டே இல்லாத மெக்கின்டாஷுக்கு வழி கண்டுபிடித்தது. உள்ளே நுழைய முடியாவிட்டால் என்ன, மேக்கின் மேல் ஒரு சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு, பின்னாலுள்ள சீரியல் போர்ட் வழியாக எம்எஸ்-டாஸ் ஓட்டிக் காட்டியது. 1986ல் அமிகா 1000 கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கும் 'சைட்கார்' பெட்டியை காமடோர் வெளியிட்டது. அதற்குள்ளே இருந்தது ஒரு முழு பிசி.

காலி சாக்கெட்

இந்த வரிசையில் மிகவும் துணிச்சலானது டேவிட் ஸ்மால் என்ற அமெரிக்கரின் வேலை. 1985ல் வந்த அட்டாரி எஸ்டி, மெக்கின்டாஷை விட மிகவும் மலிவு. ஆனால் இரண்டுக்கும் மூளை ஒன்றே: மோட்டரோலா 68000. சொல்லப்போனால் அட்டாரியில் அது கொஞ்சம் வேகமாகவே ஓடியது. மேக்கில் 7.83 மெகாஹெர்ட்ஸ், அட்டாரியில் 8. மேக்கின் திரையில் 512க்கு 342 புள்ளிகள். அட்டாரியில் 640க்கு 400.

அப்படியானால் மேக் சாஃப்ட்வேர் ஏன் அட்டாரியில் ஓடவில்லை? மூளை ஒன்றானாலும் பிறந்ததிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. மேக்கின் ஜன்னல்கள், மெனுக்கள், எழுத்துகள் எல்லாவற்றையும் வரையும் வித்தை அதன் ரோம் சிப்புகளில் இருந்தது. அந்த ரோம் ஆப்பிளின் சொத்து. ஆப்பிள் 2ன் நகலைச் செய்த ஃபிராங்க்ளின் கம்பெனி மீது ஆப்பிள் போட்ட வழக்கில், 1983ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ரோமில் உள்ள சாஃப்ட்வேருக்கும் காப்புரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. ரோமை நகலெடுத்து விற்றால் வம்பு நிச்சயம்.

ஸ்மால் ரோமை விற்கவில்லை. 1986ல் 'மேஜிக் சாக்', 1989ல் 'ஸ்பெக்டர் ஜிசிஆர்' என்று அவர் விற்ற கார்ட்ரிட்ஜ்களில் ரோம் செருகும் சாக்கெட்டுகள் மட்டும் இருந்தன. காலி சாக்கெட்டுகள். அசல் ஆப்பிள் ரோம் சிப்புகளை எங்காவது தேடி வாங்கிச் செருகிக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு. செருகிவிட்டால் அட்டாரி மேக்காகிவிடும்.

அடுத்த தடை ஃபிளாப்பி. மேக் டிரைவ், வட்டின் வெளிப்பக்கம் ஒரு வேகத்திலும் உள்பக்கம் இன்னொரு வேகத்திலும் சுழலும். அட்டாரி டிரைவுக்கு ஒரே வேகம்தான். ஸ்பெக்டர் ஜிசிஆர் டிரைவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, டிரைவின் வேகத்தை மாற்றுவதற்குப் பதிலாகத் தான் படிக்கும் வேகத்தை மாற்றிக்கொண்டது. மேக் ஃபிளாப்பியை அப்படியே போட்டு ஓட்ட முடிந்தது.

இந்தக் கார்ட்ரிட்ஜ் எழுப்பிய கேள்வி சின்னதல்ல. காசு கொடுத்து வாங்கிய சிப்பை எந்தப் பெட்டியில் செருகுவது என்று முடிவு செய்வது யார்? வாங்கியவரா, செய்தவரா? ஸ்மால் வாங்கியவர் பக்கம். ஆனால் அவருடைய வியாபாரமே ஆப்பிளின் ரோம் கிடைப்பதை நம்பி இருந்தது. சிப் கிடைத்தால்தான் மேக். கிடைக்காவிட்டால் காலி சாக்கெட்.

ஆப்பிளே வைத்த விருந்து

1990களில் காட்சி மாறியது. அலுவலகங்களை எம்எஸ்-டாஸும் விண்டோஸும் பிடித்துவிட்டன. கதவை இழுத்துச் சாத்தியிருந்த ஆப்பிள், தானே விருந்தாளியை அழைக்க ஆரம்பித்தது.

முதல் விருந்தாளி அதன் சொந்த வீட்டுக் கிழவர்தான். அமெரிக்கப் பள்ளிகளில் ஆப்பிள் 2க்கான பாட சாஃப்ட்வேர்கள் குவிந்து கிடந்தன. அவற்றை விட்டுவிட்டு மேக்குக்கு மாறப் பள்ளிகள் தயாராக இல்லை. ஆகவே 1991ல் ஒரு முழு ஆப்பிள் 2இ கம்ப்யூட்டரைச் சுருக்கி, மெக்கின்டாஷ் எல்சிக்குள் செருகும் கார்டாக ஆப்பிளே விற்றது. பழைய ஃபிளாப்பி டிரைவையும் ஜாய்ஸ்டிக்கையும் மாட்ட ஒரு கேபிளும் கூடவே வந்தது.

அடுத்து வந்தது எதிராளி. 1994ல் வெளியான 'குவாட்ரா 610 டாஸ் கம்பேடிபிள்' மேக்கில் இன்டெல் 486 எஸ்எக்ஸ் சிப் வைத்த கார்டு இருந்தது. இரண்டே பட்டன்களை அழுத்தினால் திரை மேக்கிலிருந்து டாஸுக்குத் தாவும். மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். ஒரு பக்கம் எழுதியதை நகலெடுத்து மறுபக்கம் ஒட்டலாம். பிசியின் 'சி' டிரைவ், மேக்கின் டிஸ்கில் ஒரு ஃபைலாக உட்கார்ந்திருக்கும். 1995ல் பவர் மெக்கின்டாஷ் 6100க்கு 66 மெகாஹெர்ட்ஸ் 486 கார்டு வந்தது.

சாமர்த்தியமான சரக்குதான். ஆனால் ஒரு நோய் இருந்தது. கார்டு சீக்கிரம் கிழடாகிவிடும். 486 எஸ்எக்ஸ் 1991லேயே வந்த சிப். 1993ல் பெண்டியம் வந்துவிட்டது. அதாவது 1994ல் வந்த கார்டு பிறக்கும்போதே ஒரு தலைமுறை பின்தங்கியிருந்தது. கூடவே, பிசிக்களின் விலை வேகமாக இறங்கியது. மேக்குக்குள் ஒரு பிசியைச் செருகுவதைவிடப் பக்கத்தில் ஒரு பிசி வாங்கி வைப்பதே லாபம் என்றாகியது.

இந்தியாவில் இரண்டு கார்டுகள்

இந்தியாவில் இந்தக் கதைக்கு இரண்டு கிளைகள் உண்டு. 1984-85ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ் சுமார் 250 பள்ளிகளில் கம்ப்யூட்டர் வைத்தது. அவை பிரிட்டனின் ஏகார்ன் கம்பெனி வடிவமைத்த பிபிசி மைக்ரோக்கள். அந்தக் கம்ப்யூட்டரில் 'ட்யூப்' என்ற இணைப்பு ஒன்று உண்டு. வேலையே அதுதான்: இரண்டாவது மூளையை வெளியிலிருந்து மாட்டுவது. இஸட்-80 பெட்டியை மாட்டினால் சிபி/எம் ஓடும். 1985 ஏப்ரலில் ஏகார்னில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த புதிய சிப் உயிர் பெற்றபோது, அதையும் இரண்டாவது மூளையாக பிபிசி மைக்ரோவுடன் மாட்டித்தான் இயக்கினார்கள். அந்தச் சிப்பின் பெயர் ஆர்ம். இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள செல்போனில் இருப்பது அதன் வாரிசு.

இன்னொன்று நம் மொழிகளுக்கான கார்டு. இங்கே பிரச்சினை எதிராளியின் சாஃப்ட்வேர் அல்ல. ஆங்கிலம் மட்டும் தெரிந்த சாஃப்ட்வேர். ஐஐடி கான்பூரில் தொடங்கி, 1988ல் உருவான புனேயின் சி-டாக் வளர்த்தெடுத்த 'ஜிஸ்ட்' கார்டை ஐபிஎம் பிசியின் ஸ்லாட்டில் செருகினால், டாஸில் ஓடும் சாதாரண சாஃப்ட்வேரில் தமிழும் இந்தியும் தெலுங்கும் தெரியும். சாஃப்ட்வேருக்குத் தான் தமிழில் எழுதுவதே தெரியாது. எழுத்துகளுக்கான எண்களை அது அனுப்பும். அவற்றை எழுத்தாக வரைவது கார்டு. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் பொதுவான எண் முறையை வைத்திருந்ததால் ஒரு லிபியில் அடித்ததை இன்னொரு லிபியில் பார்க்கவும் முடிந்தது. அந்த எண் முறை 1991ல் 'இஸ்கி' என்ற பெயரில் இந்தியத் தர நிர்ணயமாயிற்று. சாஃப்ட்வேரை எழுதியவர்களின் தயவுக்குக் காத்திராமல் ஒரு ஸ்லாட் வழியாக இந்திய மொழிகள் உள்ளே நுழைந்தன.

கார்டு போய் அனுமதி வந்தது

வங்காளிக் கடிதத்துக்கு மொழிபெயர்ப்பாளர் என்ற முதல் வழி, சிப்புகளின் வேகம் கூடக் கூட நடைமுறைக்கு வந்துவிட்டது. மேக்கில் டாஸ் ஓட்டும் 'சாஃப்ட்பிசி' 1988லேயே வந்தது. 1997ல் கனெக்டிக்ஸ் கம்பெனியின் 'வர்ச்சுவல் பிசி' எந்தக் கார்டும் இல்லாமல் மேக்கில் விண்டோஸை ஓட்டியது. 2003ல் அதை வாங்கியவர் யார் தெரியுமா? மைக்ரோசாஃப்ட்தான். 2006ல் ஆப்பிள் தன் மேக்குகளுக்கே இன்டெல் சிப் வைத்தது. 'பூட் கேம்ப்' என்ற இலவச சாஃப்ட்வேரையும் கொடுத்தது. மேக்கிலேயே நேராக விண்டோஸ் ஓடியது. கார்டுகளுக்கு அதுவே இறுதிச் சடங்கு.

2020ல் ஆப்பிள் மறுபடி சிப்பை மாற்றியது. எம்1 என்ற அந்தச் சிப் ஆர்ம் வம்சம். ஒரு காலத்தில் பிபிசி மைக்ரோவின் வாசலில் விருந்தாளியாக நின்ற சிப்பின் வழித்தோன்றல், ஆப்பிள் வீட்டின் எஜமானனாகிவிட்டது. பழைய மேக் சாஃப்ட்வேரை 'ரொசெட்டா 2' மொழிபெயர்த்து ஓட்டுகிறது. ஆனால் பூட் கேம்ப் வசதி இந்த மேக்குகளில் இல்லை.

எல்லாம் நல்லதற்கே என்று தோன்றலாம். கார்டு வாங்கும் செலவு மிச்சம், மூடி திறக்கும் வேலை மிச்சம். இழந்தது என்ன? சாஃப்ட்கார்டுக்கு ஆப்பிளின் அனுமதி தேவைப்படவில்லை. ஜிஸ்ட் கார்டு ஐபிஎம்மின் கதவைத் தட்டிக் காத்திருக்கவில்லை. இன்றைய செல்போனில் ஸ்லாட் இல்லை. அதில் என்ன ஓடலாம் என்பதைச் செய்தவரே சொல்கிறார். பழைய விளையாட்டு இயந்திரங்களைப் போல நடிக்கும் எமுலேட்டர்களைத் தன் ஆப் ஸ்டோரில் ஆப்பிள் ஏற்றுக்கொள்ள 2024 ஏப்ரல் வரை காக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மாதம், ஐரோப்பிய யூனியனின் சட்டம் கட்டாயப்படுத்தியதால் அங்கே மட்டும் மற்றவர்களின் கடைகளுக்கும் ஐபோனில் இடம் கிடைத்தது. ஒரு ஸ்க்ரூடிரைவர் செய்த வேலைக்கு இப்போது ஒரு நாடாளுமன்றம் தேவைப்படுகிறது.

எட்டு ஸ்லாட்டா, இரண்டா என்ற தகராறு இன்னும் முடியவில்லை. கம்ப்யூட்டரோ செல்போனோ வாங்கும்போது எத்தனை ஜிபி, எத்தனை கேமரா என்று கேட்கிறோம். இன்னொரு கேள்வியும் கேட்பது நல்லது: இதில் நான் சேர்த்து வைப்பதை நாளை வேறொரு பெட்டியில் திறக்க முடியுமா? முடியும் என்றால் வீடு உங்களுடையது. இல்லையென்றால், விலை முழுதும் கொடுத்த பிறகும் அங்கே விருந்தாளி நீங்கள்தான்.